வேலியோரத்துக் குழி

நான் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கும்வரை எங்கள் வீட்டு வளவில் உக்காத குப்பை என்று ஒன்று இருந்ததில்லை. மீன்செதில், தேங்காய்ச் சக்கை, அடுப்புச் சாம்பல், வாழைத்தோல் எல்லாம் தென்னையடிக்குப் போகும். ஒரு மாரி பெய்து முடிவதற்குள் எது எதுவென்று தெரியாமல் மண்ணாகிவிடும். மண்ணாகாமல் கிடந்தவை எல்லாம் நான் கொண்டுவந்தவை.

அப்போது அதை நான் குறையாக நினைக்கவில்லை. அப்பா வாவியில் வலை போடுகிறவர். கையொப்பம் கேட்கும் இடத்தில் பெருவிரலை மையில் தோய்க்கிறவர். அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவர். இருவருடைய சொந்தத்திலும் உயர்தரம் படிக்க பஸ் ஏறிய முதல் ஆள் நான்தான். அதிலும் உயிரியல். களுதாவளைப் பக்கமாக வடக்கே போகும் காலை பஸ்ஸில் வெள்ளைச் சீருடையோடு ஏறும்போது, ஊரே என்னைப் பார்க்கிறது என்று நினைத்துக்கொள்வேன். ஆமிக் காவலரண் வந்ததும் எல்லோரையும்போல் நானும் இறங்கி, வரிசையில் நடந்து, பையைத் திறந்து காட்டி, மறுபக்கத்தில் மீண்டும் ஏறுவேன். அப்போதும் என் தலை நிமிர்ந்துதான் இருக்கும்.

பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சின்னச் சின்னப் பைக்கற்றில் வரும் ஷாம்பு போட்டார்கள். பற்பசை, முகத்துக்குப் பூசும் வாசனை மா, மாதவிடாய்க்குக் கடையில் விற்கும் நாப்கின் என்று எல்லாம் பைக்கற்றாகவே பாவித்தார்கள். நானும் அப்படியே பாவிக்கத் தொடங்கினேன். வெறும் பைக்கற்றுகளைக்கூட எறியாமல் தட்டில் அடுக்கி வைத்தேன். அவற்றில் இருந்த ஆங்கில எழுத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

"இவ்வளவு எழுதிக் கிடக்கே புள்ள, தலை முழுகிறதுக்கா இவ்வளவு படிப்பு?" என்று அம்மா கேட்பார்.

நாப்கின்தான் கரைச்சல். எரித்தால் பிளாஸ்டிக் நாற்றம் நான்கு வீட்டுக்கு எட்டும். "அங்க என்ன கா எரியுது?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார்கள். மலசல கூடக் குழியில் போட்டால் அடைத்துக்கொள்ளும். ஆகவே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கறுப்பு ஷொப்பிங் பையில் போட்டுக் கட்டி, பொழுதுபடும் நேரத்தில் கிணற்றுக்குப் பின்னால் வேலியோரமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுவேன். மண்ணைக் காலால் மிதித்து மட்டமாக்கி, மேலே சருகு தூவி, ஏதும் தெரிகிறதா என்று தள்ளி நின்றும் பார்ப்பேன். ஒழுங்கான பிள்ளை செய்கிற வேலை என்று அதிலும் எனக்குப் பெருமை இருந்தது.

மண்ணைக் கிளறி, பிறகு கிளறியது தெரியாமல் மூடி வைத்தால் அதற்கு அந்த நாட்களில் வேறு பொருள் இருந்தது. மிதிவெடியைப் பற்றியும் கண்ணிவெடியைப் பற்றியும் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை. ஆனாலும் என் குழியையும் அதையும் ஒரு நாளும் நான் சேர்த்து யோசிக்கவில்லை.

ஒரு விடியற்காலை சுற்றிவளைப்பு நடந்தது. வீடு வீடாகச் சோதனை. எங்கள் வளவுக்குள் ஏழெட்டு ஆமிக்காரர் வந்தார்கள். குசினி, பானை, கூரை எல்லாம் பார்த்து முடித்துத் திரும்பும்போது, ஒருவன் வேலியோரத்தில் நின்று கம்பியால் மண்ணைக் குத்தினான். கம்பி இலேசாக இறங்கியது. சருகைக் காலால் தள்ளினான். முந்தின நாள் மாலை நான் மூடிய இடம்.

"இங்க என்ன?" என்று அப்பாவைக் கேட்டான்.

"தெரியா ஐயா."

"வீடு யாரு வீடு?"

"என்ட வீடுதான் ஐயா."

"ஒன்ட வீடு. ஒனக்குத் தெரியாது?"

தன் வளவுக்குள் இருப்பதைத் தெரியாது என்று சொன்னவர்களைக் கூட்டிக்கொண்டு போன கதைகள் எங்கள் ஊரிலேயே இருந்தன. அதில் எல்லோரும் திரும்பி வந்ததில்லை. அப்பாவுக்கு அது தெரியும். இருந்தும் அவர் வாயில் வேறு சொல் இல்லை. அவருக்கு உண்மையாகவே தெரியாது.

எங்கள் வீட்டு மண்வெட்டியையே எடுத்து அவர் கையில் கொடுத்துத் தோண்டச் சொன்னார்கள். பிறகு எல்லோரும் பின்னால் போய்க் கிணற்றுக் கட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார்கள். வேலியோரத்தில் அப்பா மட்டும் தனியே நின்றார்.

நான் குசினி வாசலைப் பிடித்தபடி நின்றேன். எனக்குத் தெரியும். அதை இரண்டு மொழியில் சொல்லத் தெரியும். கருப்பையைப் படம் வரைந்து, ஒவ்வொரு பாகத்துக்கும் அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதத் தெரியும். ஆனால் அப்பாவுக்கு முன்னால், அந்த ஆண்களுக்கு முன்னால் சொல்ல நாக்கு எழவில்லை. முதல் வெட்டு விழுந்தது. இரண்டாவது வெட்டு விழுந்தது. அப்பா மண்வெட்டியைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைப்பதுபோல் மெதுவாக வைத்து வைத்து எடுத்தார். மூன்றாவது வெட்டும் விழுந்த பிறகுதான் நான் ஓடினேன்.

"ஐயா, அது என்ட. நான்தான் புதைச்ச."

முழங்காலிட்டுக் கையால் மண்ணை அள்ளினேன். ஷொப்பிங் பை வெளியே வந்தது. அவிழ்க்கச் சொன்னார்கள், அவிழ்த்தேன். இளையவன் ஒருவன் சிரித்தான். வயதான ஒருவர் பார்த்துவிட்டு முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டு, சிங்களத்தில் ஏதோ அதட்டினார். சிரித்தவன் அடங்கினான். போகும்போது அவர் என்னிடம் கேட்டார்:

"முதல்லயே சொல்ல ஏலாதா?"

அவர்கள் போன பிறகு அப்பா மண்வெட்டியைக் கழுவிக் கிணற்றுக் கட்டில் சாத்தினார். தோணித் துறைக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு மத்தியானம்வரை இருந்தார். அன்று வலை போடவில்லை. மாலையில் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தபோது அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார், என்னைப் பார்க்கவில்லை.

"மூண்டு வெட்டு விழும் மட்டும் பாத்துக்கிட்டு நிண்டவள்."

மீதியை அம்மா சொன்னார்.

"இனி அந்த நாளில வீட்ட இரு. பள்ளிக்கூடமும் வேணாம், பைக்கற்றும் வேணாம்."

மாதத்தில் ஐந்து நாள் போகாமல் உயிரியல் படிக்க முடியாது. செய்முறைப் பாடம் ஒன்று தவறினால் இன்னொரு முறை எவரும் செய்து காட்டமாட்டார்கள். அடுத்த ஆண்டு பரீட்சை. பரீட்சை என் ஐந்து நாளைப் பார்த்துத் தள்ளிப்போகாது. ஆனால் அம்மா சொன்னதில் பாதி சரி என்பதும் எனக்குத் தெரிந்தது. அன்று இரவு பாயில் கிடந்தபடி இரண்டு காரியம் முடிவு செய்தேன். பள்ளிக்கூடத்தை ஒரு நாளும் விடுவதில்லை. அப்பா பதில் சொல்ல முடியாத எதையும் இந்த மண்ணுக்குள் இனி வைப்பதில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கதை எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. என் வாங்கில் இருந்தவள் புத்தகத்தை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

"வா கா கண்ணிவெடி. பக்கத்தில இருந்தா வெடிக்குமா?"

"மிதிச்சாத்தான் வெடிக்கும். காலத் தள்ளி வை" என்றேன்.

அந்தப் பெயர் பரீட்சை முடியும்வரை என்னோடு இருந்தது.

நிவாரணக் கோதுமை மா வந்த வெள்ளைச் சாக்குகளை அம்மா தலையணை உறை தைக்கவென்று மடித்து வைத்திருந்தார். கழுவிக் கழுவிப் பாவிக்கும் மாதத் துணி தைக்க அதில் இரண்டைக் கேட்டு வாங்கினேன். சாம்பல் கரைத்த தண்ணீரில் அவித்தும் அதில் அச்சடித்திருந்த நீல எழுத்துப் போகவில்லை. போகாவிட்டால் போகட்டும் என்று வெட்டினேன். உள்ளே அப்பா கட்டிக் கிழிந்த சாறனை நான்காய் மடித்து வைத்தேன். அம்மா தலையில் கைவைத்தார்.

"அப்பாட சாறனையா புள்ள?"

"கிழிஞ்சதுதானே அம்மா. உங்கட சீலை தண்ணி குடிக்கிற இல்ல. நான் ஊத்திப் பாத்தன்."

உண்மையில் ஊற்றித்தான் பார்த்தேன். ஒவ்வொரு துணியிலும் ஒரே அளவு தண்ணீர் விட்டு, கீழே கடதாசி வைத்து, எது எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று கொப்பியில் எழுதினேன். கசியாமல் இருக்கவென்று அடியில் உடைந்த குடையின் துணியை வைத்துத் தைத்தேன். அது கசியவில்லைதான், ஆனால் வெக்கையில் தோல் வெந்து இரண்டு நாள் நடக்க முடியவில்லை. குடைத்துணியைப் பிரித்து எறியத் தோன்றியது. எறியாமல் புத்தகத்துக்கு உறை போட்டேன். அடுத்தது நன்றாக இருந்தது, ஆனால் காவலரணில் இறங்கி நடக்கும்போது நழுவியது. ஒரு கையால் பையைத் திறந்து காட்டி, மறு கையால் கொப்பிக் கட்டைப் பாவாடைக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தேன். அந்தத் தூரம் அவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் சிறுத்துப்போன பழைய சீருடையின் பொத்தான்களை வெட்டி, இரண்டு பக்கமும் செட்டைபோல் துண்டு வைத்துப் பொத்தான் தைத்தேன். அதன் பிறகு நழுவவில்லை.

"அந்தக் காலத்துத் துணிக்குத்தானே திரும்பி வந்திருக்காய். இதுக்கா படிச்ச?" என்று அம்மா கேட்டார்.

"நீங்க நிழலில காயப்போட்டீங்க. நான் வெயிலில போடுவன்."

அம்மா கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் மாதத் துணியைக் கிணற்றடியில் யாருமில்லாத நேரம் அலசி, மலசல கூடத்துக்குப் பின்னால் பாய்க்கு அடியில் போடுவார்கள். ஆண்களின் கண்ணில் படக்கூடாது. மாரியில் அது காயவே காயாது; ஈரத்தோடு எடுத்துக் கட்டுவார்கள். அம்மாவுக்கு வருடக்கணக்காகத் தொடையில் சொறி இருந்தது. அதை அவர் வெக்கை என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஈரத் துணியில் என்ன வளரும், வெயில் பட்டால் அது என்னவாகும் என்று என் புத்தகத்தில் இருந்தது.

ஆனால் எங்கள் வளவில் தென்னை நிழல் விழாத இடம் ஒன்றே ஒன்றுதான்: வாவிப் பக்கம் அப்பா வலை காயப்போடும் இடம். வீட்டுக்கு விலக்கான பெண் வலையைத் தொடக்கூடாது, தோணிக்குக் கிட்டப் போகக்கூடாது. பெரியவளான நாளிலிருந்து எனக்கு அது சொல்லித்தான் வளர்த்தார்கள். ஒளித்துப் போடலாம் என்று ஒரு கணம் யோசித்தேன். ஒளித்ததன் பலனைத்தான் பார்த்துவிட்டோமே.

அப்பா வலைப் பொத்தல் தைத்துக்கொண்டிருந்தார். முன்னால் போய் நின்றேன்.

"அப்பா, வலை காயிற இடத்தில எனக்கு ஒரு கயிறு வேணும்."

"என்னத்துக்கு?"

"மாசத் துணி காயப்போட. நல்ல வெயில் பட்டாத்தான் திரும்பக் கட்டலாம். இல்லாட்டி நோய் வரும். பள்ளிக்கூடம் போக ஏலாமப் போகும்."

வலை ஊசி நின்றது. குசினியிலிருந்து அம்மா வெளியே வந்தார்.

"வாய மூடு புள்ள. வலைக்குக் கிட்ட அதக் கொண்டு போனா மீன் படுமா?"

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். சுற்றிவளைப்புக்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்தது அன்றுதான்.

"அண்டைக்கு இப்பிடிச் சொல்லியிருந்தா நான் மண்வெட்டியத் தொட்டிருக்க மாட்டன்."

"ஓம் அப்பா."

"இண்டைக்குச் சொல்லிட்டாய்" என்றார். ஊசி மறுபடி ஓடத் தொடங்கியது.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வலைக் கம்பங்களுக்குக் கிழக்கே ஒரு புதுக் கம்பம் நின்றது. பக்கத்தில் குழி தோண்டிய அலவாங்கு கிடந்தது. புதுக் கம்பத்திலிருந்து முருங்கைக்கு நீல நைலோன் கயிறு கட்டியிருந்தார். வலையிலிருந்து மூன்று பாகம் தள்ளி. அந்த மூன்று பாகத்தை அவர் கையை விரித்து அளந்திருப்பார். வெயில் இருந்தது, அது எனக்குப் போதும்.

ஒரு கிழமை மீன் படவில்லை. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் சோறு இறங்கவில்லை. அப்பாதான், "வாவியில ஆமி ரோந்து போட்டில ஓடித் திரிஞ்சா மீன் எங்க நிக்கிற?" என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. அவரோடு தோணியில் போகிறவர் ஒரு நாள் வளவுக்கு வந்து, நீலக் கயிற்றைத் தூரத்தில் நின்று பார்த்தார்.

"என்ன மச்சான், புதுக் கொடி பறக்குது. எந்தக் கட்சி?"

"பள்ளிக்கூடச் சாமான்" என்றார் அப்பா.

வந்தவர் இரண்டடி கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, நேரே திரும்பித் தோணிக்குப் போய்விட்டார்.

துணி சரிவந்த பிறகு மற்றவற்றையும் ஒவ்வொன்றாகப் பிடித்தேன். ஷாம்புவுக்குப் பதிலாக, வேலியில் சிவப்பாய்ப் பூக்கும் செவ்வரத்தம் செடியின் இலையைக் கசக்கிப் பயற்றம்மாவோடு குழைத்தேன். முதல் நாள் வடிக்காமல் பூசிவிட்டேன். "கண்ணிவெடிட தலையில புல்லு முளைச்சிட்டு" என்று வகுப்பே சிரித்தது. அடுத்த முறை துணியில் வடித்தேன். உப்பும் கரியும் சேர்த்துப் பல் தீட்டியதில் பல்லடி முரசு கிழிந்து இரத்தம் வந்தது. கரியை அரித்தெடுக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கடைசியில் வேப்பங்குச்சியில் நின்றேன். உடம்பு தேய்க்கத் தேங்காய்த் தும்பைக் கட்டி வைத்துக்கொண்டேன். சவர்க்காரத்தை நான் விடவில்லை. துணிக்கு அது வேண்டும். அதைச் சுற்றி வரும் கடதாசி அடுப்புக்குப் போகும். சீப்பும் பிளாஸ்டிக்தான், உடையும்வரை பாவித்தேன். தட்டில் அடுக்கியிருந்த பழைய பைக்கற்றுகளை பிஸ்கற் தகரத்தில் போட்டு மூடினேன். ஆசிரியர் கலாசாலைக்குப் படிக்க வந்திருக்கும் இந்த வருடமும் அந்தத் தகரம் வீட்டில் இருக்கிறது. போன விடுமுறையில் திறந்து பார்த்தேன். ஒன்றுகூட நிறம் மாறவில்லை.

ஒரு நாள் காலை நீலக் கயிற்றில் என் துணிக்குப் பக்கத்தில் வேறு இரண்டு துணி தொங்கியது. மாச் சாக்குத்தான், பொத்தானுக்குப் பதிலாக நாடா வைத்துத் தைத்தது. அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

வேலியோரத்துக் குழியை அப்பா மூடவில்லை. அதை நான் இன்னும் ஒரு முழம் தோண்டினேன். வடித்த இலைச் சக்கை, தேய்ந்துபோன தும்பு, வேப்பங்குச்சி, மீன்செதில், சாம்பல் எல்லாம் அதற்குள் போகும். நிரம்பினால் மண் போட்டு மூடி, பக்கத்தில் இன்னொன்று தோண்டுவேன். தோண்டும் நாளில் அப்பாவைக் கூப்பிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டிவிட்டுத்தான் மூடுவேன். முதலில் அவர், "எனக்கேன் காட்டுறாய்?" என்றார். பிறகு அவரே வந்து எட்டிப் பார்க்கப் பழகினார்.

பரீட்சைக்கு மூன்று கிழமை இருக்கும்போது மறுபடி சுற்றிவளைப்பு வந்தது. ஆட்கள் வேறு, கேள்வி அதேதான். கம்பி வைத்திருந்தவன் வேலியோரத்தில் குத்தினான். அது இலேசாக இறங்கியது.

"இங்க என்ன?"

"சாம்பல், மீன்செதில், செவ்வரத்தம் இலை" என்றார் அப்பா. "போன செவ்வாய்க்கிழமை மூடின."

"தெரியுமா?"

"தெரியும் ஐயா."

மண்வெட்டியைக் கேட்டார்கள். அப்பா எடுக்கப் போவதற்குள் நான் எடுத்துக்கொண்டு போய் நின்றேன். தோண்டினேன். அப்பா எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நாற்றம் பொறுக்காமல் கம்பிக்காரன் மூக்கைப் பொத்தினான். சாம்பலும் செதிலும் கறுத்த இலையும் வந்தன. கீழே போகப் போக வெறும் மண், கையில் ஒட்டும் கறுப்பு மண். அதில் எது எதுவென்று எனக்கே தெரியவில்லை.

ஒருவன் திரும்பி வாவிப் பக்கம் கை காட்டினான். வெயிலில் நீல எழுத்தோடு வெள்ளைத் துணிகள் ஆடிக்கொண்டிருந்தன.

"அது என்ன?"

"என்ட மாசத் துணி" என்றேன். "கழுவிக் காயப்போட்டிருக்கு."

அவனுக்கு அவ்வளவு தமிழ் விளங்கியதோ தெரியாது. பக்கத்தில் நின்றவன் விளக்கினான். இருவரும் படலையைத் திறந்துகொண்டு அடுத்த வளவுக்குப் போனார்கள்.

அப்பா என் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக் குழியை மூடத் தொடங்கினார். மூன்று நான்கு வெட்டு இழுத்துவிட்டு, தலை நிமிராமலே சொன்னார்:

"முதல் பஸ் போயிட்டு. ரெண்டாவதையும் விடப்போறியா?"

கையைக் கழுவினேன். நீலக் கயிற்றுக்குப் போனேன். காய்ந்து மொறுமொறுவென்று இருந்த துணி இரண்டை எடுத்து மடித்து, பையில் உயிரியல் கொப்பிக்கு மேலே வைத்தேன். காவலரணில் திறந்தால் முதலில் அதுதான் தெரியும்.